கொம்பை அளந்து மலையேற்றிய கதை

கழுகுப்பாறையின் அடிவாரத்தில் ஒரு வரையாட்டுக் கூட்டம் மேய்ந்துகொண்டிருந்தது. அங்கே புல்லுக்கும் பஞ்சமில்லை, பெருமைக்கும் பஞ்சமில்லை. உப்புக்குத்தான் பஞ்சம். நக்குவதற்கு இருந்ததே ஒரே ஒரு உப்புப் பாறை.

அதை முதலில் நக்குவது யார்? அதற்கும் ஒரு வழக்கம் இருந்தது. அந்தப் பருவத்தில் எந்தக் குட்டி முதலில் கழுகுப்பாறையின் உச்சியைத் தொடுகிறதோ, அதன் தாய்க்குத்தான் முதல் உரிமை. ஏறுவது குட்டி, நக்குவது தாய். எவ்வளவு நியாயமான ஏற்பாடு!

கருங்கழுத்தி என்ற தாய் ஆட்டுக்கு இந்த வருஷமாவது அந்த இடத்தைப் பிடித்துவிட வேண்டும் என்று ஆசை. அவளுடைய மகன் குறிஞ்சானோ கொஞ்சம் நிதானமான ஆள். எந்தப் பாறையிலும் கால் வைக்குமுன் குளம்பால் தட்டிப் பார்ப்பான். ஏறிய பிறகு திரும்பி நின்று வந்த வழியையும் பார்ப்பான். அதைப் பார்க்கும்போதெல்லாம் கருங்கழுத்திக்கு மானம் போகும்.

"மினுக்கி மகன் சிட்டனைப் பாருடா! தட்டுறானா? திரும்புறானா? ஒரே தாவு!"

"நேத்து அப்படித் தாவித்தானேம்மா முள்ளுக்குள்ள விழுந்தான்!"

"வாய் மட்டும் நல்லா உச்சிக்கு ஏறுது!" என்றாள் கருங்கழுத்தி.

ஒரு குட்டி உச்சிக்குப் போகத் தயாரா இல்லையா என்று சொல்ல அந்தக் காட்டில் ஒரு நிபுணர் இருந்தார். தொந்தியப்பர் என்ற காட்டெருமை. பிறந்த நாளிலிருந்து சேற்றுப் பள்ளத்தை விட்டு ஓரடி மேலே ஏறாதவர். அதனால் மலையேற்றத்தைப் பற்றி அவருக்கு எந்தச் சந்தேகமும் வந்ததில்லை.

"கொம்புதான் கணக்கு!" என்று தலையை ஆட்டினார் தொந்தியப்பர். "குட்டியோட கொம்பு காது உசரத்துக்கு வந்துடுச்சா, குட்டி தயார்! என் கொம்பைப் பாருங்க. நான் ஏறணும்னு நினைச்சா இந்த மலை தாங்குமா?"

ஏறுவது காலா, கொம்பா என்று யாரும் கேட்கவில்லை. அவ்வளவு பெரிய கொம்பு உள்ளவரிடம் அதை எப்படிக் கேட்பது?

அன்றிலிருந்து தாய்மார்களுக்குக் கொம்பு வளர்ப்பதே வேலையாகிவிட்டது. ஒருத்தி பச்சிலையை மென்று தடவினாள். ஒருத்தி மகனைத் தலைகீழாக நிற்கச் சொன்னாள், கொம்புக்குச் சத்து இறங்குமாம். சிட்டனுக்கோ ஒரே ராத்திரியில் கொம்பு காதைத் தாண்டிவிட்டது!

"எங்க வம்சமே அப்படித்தான் அக்கா!" என்று கண்ணைச் சிமிட்டினாள் மினுக்கி.

கருங்கழுத்திக்கு வயிறு எரிந்தது. மகனை முட்டித் தள்ளிக்கொண்டு தொந்தியப்பரிடம் போனாள். பார்த்தால், கொம்பு காதைவிட ஒரு நூல் குட்டை.

"காதை மடக்கிக்கோடா!" என்று கிசுகிசுத்தாள். காது மடங்கியது. 'தயார்!' என்று தீர்ப்பும் வந்தது.

மறுநாள் காலையில் சாரல் விழுந்துகொண்டிருந்தது.

"அம்மா, பாறை ஈரமா இருக்கே!" என்றான் குறிஞ்சான்.

"நிபுணரே சொல்லிட்டாரு! அவரைவிட உனக்கென்ன பெரிய கொம்பா முளைச்சிருக்கு? சிட்டன் கிளம்பிட்டான், போ!"

இரண்டு குட்டிகளும் ஏறின. கூட்டம் முழுக்கக் கீழே நின்று வேடிக்கை பார்த்தது. பாதி வழியில் மூடுபனி இறங்கி இரண்டு பேரையும் மறைத்துவிட்டது. அதனால் என்ன? கருங்கழுத்தி பனியைப் பார்த்தே கத்தினாள்.

"நிக்காதடா! ஏறு! தட்டிக்கிட்டு நிக்காத, மானம் போகுது! ஏறு, ஏறு!"

திடீரென்று மேலே கற்கள் சரிந்தன. "அம்மா!" என்று ஒரு குட்டி அலறியது.

எல்லாக் குட்டிக்கும் அலறல் ஒன்றுதான். கருங்கழுத்திக்கோ அது தன் மகனின் குரலாகவே கேட்டது. இத்தனை நாளாகப் பிடித்துவைத்திருந்த பெருமை ஒரு நொடியில் உதிர்ந்தது.

"ஐயோ, என் ராசா! எனக்கு உச்சியும் வேணாம், உப்பும் வேணாம்! எறங்கி வந்துடுடா!"

"நான் அப்பவே எறங்கிட்டேம்மா" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

குறிஞ்சான்தான். முழுசாக நின்றுகொண்டிருந்தான்.

"பாதியில கால் நடுங்குச்சு. தட்டிப் பாத்தா பாறை வழுக்குச்சு. வந்த வழி மறையறதுக்குள்ள எறங்கி வந்துட்டேன். சொல்லலாம்னுதான் வாயைத் திறந்தேன். நீ ஏறு ஏறுன்னு கத்துறதை நிறுத்தினாத்தானே!"

கருங்கழுத்தி அவனைத் தலையிலிருந்து வால்வரை நக்கினாள். எந்த உப்பும் அப்படி ருசித்ததில்லை.

"அப்ப கத்தினது என் சிட்டனா?" என்று அலறினாள் மினுக்கி.

"இடது பக்கம், பாசி பிடிச்ச திட்டுல இருப்பான் அத்தை!" என்றான் குறிஞ்சான். "திரும்பிடலாம் வாடான்னு கூப்பிட்டேன். எனக்குத்தான் கொம்பு வளந்துடுச்சேன்னு போயிட்டான்."

இரண்டு தாய்மார்களும் அவன் சொன்ன வழியில் பனிக்குள் ஏறினார்கள். திட்டின் விளிம்பில் சிட்டன் ஒட்டிக்கொண்டு நடுங்கினான். மேலே ஒருத்தி, கீழே ஒருத்தி நின்று, அவனை அங்குலம் அங்குலமாக இறக்கினார்கள்.

முழங்கால் சிராய்ப்போடு அவன் தரைக்கு வந்தபோது சாரல் வலுத்திருந்தது. அவனுடைய வம்சக் கொம்பு களிமண்ணாகக் கரைந்து முகத்தில் வழிந்தது. உள்ளே இருந்த அசல் கொம்பு ஒரு காளான் அளவுதான்.

எல்லாரும் தொந்தியப்பரைப் பார்த்தார்கள்.

"நான் சொன்னது காய்ஞ்ச கொம்பை!" என்று சொல்லிவிட்டு, அவர் சேற்றில் போய்ப் படுத்துக்கொண்டார்.

மினுக்கி மகன் முகத்து மண்ணை நக்கித் துடைத்தாள். தலை நிமிரவில்லை. கருங்கழுத்தியும் அவளை ஒரு வார்த்தை சொல்லவில்லை. காதை மடக்கச் சொன்ன வாய் எப்படிப் பேசும்?

மழை விட்டது. அடுத்த நாள் காலையில், கூட்டத்தில் இன்னொரு தாய் வந்து கேட்டாள்: "என்னக்கா, இன்னைக்கு உம்மகன் உச்சிக்குப் போறானா?"

கருங்கழுத்தி மகன் பக்கம் திரும்பினாள். "போலாமாடா?" என்று முதல்முறையாக அவனிடமே கேட்டாள்.

குறிஞ்சான் பாறையைக் குளம்பால் தட்டிப் பார்த்தான். "இன்னும் ஈரம் காயலம்மா. நாளைக்குப் பாக்கலாம்."

"அப்ப உம்மகன் இன்னும் தயாராகலையா?" என்று சிரித்தாள் வந்தவள்.

"தயாராயிட்டான். அதனாலதான் போகலை!" என்றாள் கருங்கழுத்தி. பிறகு நேராகப் போய் உப்புப் பாறை வரிசையில் கடைசி ஆளாக நின்றுகொண்டாள்.

பெற்றவரின் ஆசை எவ்வளவு வளர்ந்திருந்தாலும், எங்கே திரும்ப வேண்டும் என்று தெரிந்த பிள்ளைதான் கடினமான பாதைக்குத் தயாரான பிள்ளை.