வெள்ளைக் காரில் ஓர் இரைச்சல்

தாராபுரத்தில் கார்களுக்கு ஸ்பீக்கரும் ஆம்ப்ளிஃபயரும் பொருத்தித் தரும் கடையொன்றைக் கோகிலவாணி நடத்திவந்தாள். அவளிடம் தொழில் கற்ற சென்னியப்பன் அவளைவிடப் பதினைந்து வயது மூத்தவர். நூல்மில்லில் எலக்ட்ரீஷியனாக இருந்து, மில்லை மூடியபின் அவளிடம் வந்து சேர்ந்தவர். அவர் அவளை அம்மணி என்றார். அவள் அவரை அண்ணா என்றாள். கற்பிப்பதற்கோ கற்பதற்கோ அது இடைஞ்சலாக இருந்ததில்லை.

ஒரு பிற்பகலில் புதிய வெள்ளைக் காரொன்று மூன்றாம் முறையாகக் கடைமுன் வந்து நின்றது. அதற்கு ஆம்ப்ளிஃபயர் பொருத்தியவர் சென்னியப்பன். ஓட்டிவந்த டிரைவர் ஆறுச்சாமி இறங்கிக் கதவைச் சாத்தினார்.

"ஸ்பீக்கர் இன்னும் ஙொய்ங்குதுங்கண்ணா. உங்க புண்ணியத்துல எனக்கு இன்னியோட வேலையும் போச்சு."

"நான் என்னப்பா பண்ணினேன்?"

"என்ற போன் சார்ஜராலதான் சத்தம்னு மொதலாளிகிட்டச் சொன்னது ஆருங்க? நீங்கதானுங்களே. அன்னியிலிருந்து சார்ஜரை ஊட்டுலயே வெச்சுட்டு வர்றேன். அப்பவும் சத்தம் வருது. நான் ஒளிச்சு வெச்சுக் குத்தறேன்னு வையறாருங்."

"இப்ப என்ன சொன்னாரு?"

"வண்டியக் கடையில உட்டுட்டு, சாவியக் குடுத்துட்டு, அப்படியே ஊருக்குப் போயிருன்னுட்டாருங். பொறவு அவரே வந்து எடுத்துக்குவாரு."

சாவியை மேசைமேல் வைத்துவிட்டு ஆறுச்சாமி நடந்தார். திரும்பிப் பார்க்கவில்லை.

சென்னியப்பன் சாவியை எடுத்துக்கொண்டு கோகிலவாணி பக்கம் திரும்பினார்.

"அம்மணி, சத்தத்தை அமுக்க இப்ப இருக்கறதைவிடப் பெரிய ஃபில்டர் ஒண்ணு போட்ருவமுங்களா?"

"போன வாரம் ஒண்ணு போட்டீங்களே, அது என்னாச்சுங்கண்ணா?"

"கொஞ்சம் கொறஞ்சுதுங்."

"அதைக் கழட்டிருங்க."

"கழட்டுனா சத்தம் சாஸ்தியாகுமுங்களே!"

"ஆகட்டும். நல்லாக் கேக்கும்."

அவர் ஃபில்டரைக் கழற்றினார். அவள் அவரை டிரைவர் இருக்கையில் அமரச் சொன்னாள். கைகளை மடியில் வைத்துக்கொள்ளச் சொன்னாள்.

"எஞ்சின் ஓடாதப்ப?"

"சத்தமில்லீங்."

"ஓட்டுங்க."

இரைச்சல் எழுந்தது. ஆக்சிலரேட்டரை மிதித்தார், அதுவும் ஏறியது. பாட்டின் ஒலியைச் சுழியத்துக்குக் கொண்டுவந்தார். பாட்டு அடங்கிற்று. இரைச்சல் அடங்கவில்லை.

"இத்தனை நாளா இப்படி உக்காந்து கேட்டீங்களா?"

"இல்லீங். சத்தம்னு வண்டி வந்ததும் சார்ஜர் கண்ணுல பட்டுது. புடுங்கினேன். கொறஞ்ச மாதிரி இருந்துது."

"இப்ப சார்ஜர் எங்க இருக்குது?"

சென்னியப்பன் குனிந்து பார்த்தார். சார்ஜர் குத்தும் துளையை மூடி டேப் ஒட்டியிருந்தது. கார் உரிமையாளரான குழந்தைவேலு, பாதி டேப்பிலும் பாதி டேஷ்போர்டிலுமாகக் கையெழுத்துப் போட்டு வைத்திருந்தார். கோடு எங்கும் பிசகியிருக்கவில்லை.

"பத்திர ஆபீஸ் தோத்துச்சு" என்றாள் கோகிலவாணி. "பிரிச்சு ஒட்டுன மாதிரித் தெரியுதுங்களா?"

"இல்லீங்."

"சத்தம்?"

"வருதுங்."

அவள் காரின் பின்பக்கம் போனாள்.

"டிக்கிக்கு வாங்க. ஆம்ப்ளிஃபயர் ஒயரை ஒவ்வொண்ணாக் கழட்டுங்க. ரெண்டைச் சேத்துக் கழட்டாதீங்க. ஒவ்வொண்ணுக்கும் எஞ்சினை நிறுத்திக் கழட்டி, மறுபடி ஓட்டிக் கேளுங்க."

ஆம்ப்ளிஃபயருக்குப் பாட்டைக் கொண்டுவரும் ஒயர்களை முதலில் கழற்றினார். இரைச்சல் அப்படியே இருந்தது.

"இனி என்ன மிச்சம்?"

"கரண்ட் வர்ற ஒயரும் எர்த் ஒயரும்."

"எர்த்?"

"அது இறுக்கமாத்தான் இருக்குதுங். நானே முறுக்குனதுங்."

"அதனாலதான் கேக்கறேன். கழட்டுங்க."

எஞ்சினை நிறுத்திவிட்டு அவர் போல்ட்டைக் கழற்றினார். எர்த் ஒயரின் வளையத்தை விலக்கினார். அடியில் வெள்ளைப் பெயின்ட் சிறிதும் கலையாமல் பளபளத்தது. எர்த் ஒயர் வெறும் இரும்பைத் தொட வேண்டும், இல்லாவிட்டால் இரைச்சல் வரும். பெயின்ட்டைச் சுரண்டிய பிறகே போல்ட்டை முறுக்க வேண்டும். அந்தக் கடையில் சேரும் எவருக்கும் முதல் நாளில் சொல்லப்படுவது அது.

சென்னியப்பன் அந்த இடத்தை விரலால் தடவினார்.

"புது வண்டிங் அம்மணி. ஒரு கீறல் உளுந்தாலும் ஒத்துக்க மாட்டேன்னு குழந்தைவேலு ஐயா பக்கத்துலயே நின்னாரு. எனக்கும் சொரண்ட மனசு வரலைங்."

அவள் உப்புத்தாளை நீட்டினாள்.

ஒரு ரூபாய்க் காசின் அளவுக்குச் சுரண்டினார். இரும்பு தெரிந்தது. கழற்றிய ஒயர்களை மீண்டும் பொருத்தினார், ஃபில்டரைப் பொருத்தவில்லை. எஞ்சினை ஓட்டினார், மிதித்தார். எஞ்சின் ஓடுவது மட்டும் கேட்டது.

யாரோ ஒருவரின் பைக்கில் பின்னால் அமர்ந்து குழந்தைவேலு வந்து இறங்கினார். அரிசி ஆலை நடத்துபவர், உரத்துப் பேசுபவர். காரில் ஏறிப் பாட்டுப் போட்டார், நிறுத்தினார், மறுபடி போட்டார். முகம் மலர்ந்தது.

"பாத்தியா சென்னியப்பா! அவன் இல்லீன்னதும் சத்தமும் இல்லை."

சென்னியப்பன் கோகிலவாணியைப் பார்த்தார். அவள் மிச்சமிருந்த ஒயரை முழங்கையில் சுற்றிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"ஐயா, தப்பு என்னுதுங்" என்றார் சென்னியப்பன்.

"என்ன தப்பு?"

"எர்த்தைப் பெயின்ட் மேலயே முறுக்கிப்போட்டேனுங். மொத நாள்லயிருந்தே அதாலதான் சத்தம்."

"அப்ப சார்ஜரு?"

"அது இல்லீங். சரியாப் பாக்காமச் சொல்லிப்போட்டேனுங். ஆறுச்சாமி மேல ஒண்ணுமில்லை. உங்க டேப்பையும் அவன் தொடலீங்."

குழந்தைவேலு பாட்டை நிறுத்தினார்.

"மூணு வாரமா அவனை வாய்க்கு வந்தபடி வஞ்சிருக்கனேப்பா. ஆளுக முன்னாடி வஞ்சிருக்கேன்."

"கூப்புட்டீங்கன்னா வந்துருவானுங்."

"எந்த மூஞ்சிய வெச்சுட்டுக் கூப்புடறது? வர்ற வழியில பஸ் ஸ்டாண்டுல நின்னான், ஊருக்குப் போற குண்டடம் பஸ்ஸுக்கு. பாக்காத மாதிரி வந்துட்டேன்." ஸ்டியரிங்கைத் தட்டினார். "அவனா வந்தா நான் வேண்டாங்கப் போறதில்லை. நானாப் போயி நிக்க என்னால ஆகாது."

காரை அவரே ஓட்டிப் போனார். பல ஆண்டுகளாக ஓட்டாதவர். தெருமுனை வரை கியர் கத்திக்கொண்டே போயிற்று.

சென்னியப்பன் கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவினார். துடைத்துக்கொண்டார்.

"ஒளிக்காமச் சொல்லிட்டேனுங் அம்மணி. இனி அவரு கூப்புடறதும் உடறதும் அவரு பாடு. நம்ம வேலை முடிஞ்சுதுங்களா?"

கோகிலவாணி இழுப்பறையைத் திறந்து தன் ஸ்கூட்டர் சாவியை எடுத்தாள். அவர்முன் மேசையில் வைத்தாள்.

"குண்டடம் பஸ் இன்னும் புறப்பட்டிருக்காதுங்கண்ணா" என்றாள்.