ஆறடி மூன்றங்குலத்துக் கண்

2009 மார்ச் 11, காலை பத்து மணி. கருங்காட்டூர் கலைக் கல்லூரியின் வேதியியல் ஆய்வகத்தில் அரியர் எழுத வந்தவர்கள் மூன்று பேர். அவர்களில் உயரமானவன் திருமாறன், ஆறடி மூன்றங்குலம். செய்முறைத் தேர்வை அவன் எழுதுவது இது நான்காவது தடவை. தேறினால் சிமென்ட் ஆலையில் வேலை. தவறினால் அந்த வேலை மாமா மகனுக்கு. மாமாவே சொல்லிவிட்டார்.

கல்லூரியில் உடையாத பியூரெட் ஒன்றுதான் மிச்சம். ஆகவே மூவருக்கும் சேர்த்து ஒரே சோதனை. தாங்கியில் நிற்கும் அந்த நீளக் கண்ணாடிக் குழாயிலிருந்து, கீழே குடுவையில் உள்ள அமிலத்தில் காரத்தைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். நிறம் மாறியதும் நிறுத்தி, அளவைப் படிக்க வேண்டும்.

பேராசிரியை கோமளவல்லி கிளம்பும்போது சொன்னார்: "கண்ணும் கோடும் ஒரே மட்டத்துல இருக்கணும். கண்ணு அசைஞ்சா மார்க் போச்சு. செல்லப்பெருமாள், நிறங்காட்டி இந்த ஒரு பாட்டில்தான் இருக்கு. பத்திரம்."

மூவரில் இரண்டாமவன் செல்லப்பெருமாள் அதைச் சட்டைப்பையில் போட்டு, மேலே ஊக்கு குத்திக்கொண்டான். அதில் இரண்டு சொட்டு குடுவையில் விழுந்தால்தான் நிறம் மாறும் என்பது பாடத்தில் இருந்தது. பாடம் புத்தகத்தில் இருந்தது.

"என் கண்ணு ஒரு மட்டம், உன் கண்ணு ஒரு மட்டம். எதுடா சரியான மட்டம்?" என்றான் மூன்றாமவன் மரியதாஸ்.

"உசரமானதுதான். மட்டமா இருந்தா மட்டமான மார்க்குதானே வரும்?" என்றான் செல்லப்பெருமாள்.

திருமாறன் நிமிர்ந்து நின்றான். கோடு ஓரடி கீழே இருந்தது.

"குனியட்டுமா?"

"குனிஞ்சா கண்ணு அசையும்டா, வெண்ணெய். குழாயை ஏத்து."

அலமாரியில் மொத்த வகுப்பின் ரெக்கார்டு நோட்டுகளும் கையெழுத்து வாங்கி அடுக்கியிருந்தன. தாங்கியின் கீழே பத்து வைத்ததும் கோடு கண்ணுக்கு நேராக வந்தது. காரம் சொட்டியது. குழாயில் மட்டம் இறங்கியது. இன்னொரு நோட்டு வைத்தார்கள். மறுபடி சொட்டியது. மறுபடி நோட்டு.

"நிறம்?"

"தண்ணியாட்டம்தான் இருக்கு."

"அவசரப்படாதே. அமிலம் யோசிக்குது."

இருபத்தாறாவது நோட்டில் மரியதாஸ் மேலே பார்த்தான். "மாப்ள, ஃபேன் இடிக்கப் போகுது. நிறுத்திடலாமா?"

"அறை வெப்பம் மாறக் கூடாதுன்னு தாள்ல போட்டிருக்கு."

"அப்ப அடுத்தது மெல்லிசு நோட்டா பார்த்து எடு."

மெல்லிசாகத்தான் எடுத்தார்கள். பியூரெட் நொறுங்கியது. காரம் இருபத்தேழு நோட்டுகளிலும் இறங்கி, பேராசிரியையின் பச்சைக் கையெழுத்துகளைக் கரைத்தது.

"அளவு என்னடா?"

"குழாயே இல்லையேடா," என்றான் திருமாறன். "ஆனா கண்ணு அசையலை."

வெளித் தேர்வாளர் சாத்தப்பன் டீ குடித்துவிட்டு வந்தார். மூவரையும் தோல்வி என்று எழுதினால் நடந்ததற்கு விளக்கம் எழுத வேண்டும். தேர்வு நேரத்தில் தாம் எங்கே இருந்தோம் என்பதையும் எழுத வேண்டும். பேராசிரியைக்கும் அதே சிக்கல். கமிட்டி உட்கார்ந்தது. நான்கு அமர்வுகளுக்குப் பின் அறிக்கை வந்தது: "மாணவர்கள் விதிகளைப் பிழையின்றிப் பின்பற்றினர். கட்டடம்தான் பின்பற்றவில்லை." கூரையை உயர்த்தும் வரை தேர்வு ஒத்திவைக்கப்பட்டது.

மாமா ஒத்திவைக்கவில்லை. அவர் மகன் ஆலையில் சேர்ந்தான். கூரைக்கு சிமென்ட் அங்கிருந்துதான் வந்தது.

2012 ஆகஸ்ட் 8 அன்று, மூன்றடி உயர்த்திய கூரையின் கீழ், புதிய பியூரெட்டுடன் தேர்வு தொடர்ந்தது. திருமாறன் கண்ணை அசைக்காமல் நின்றான். நிறங்காட்டி செல்லப்பெருமாளின் சட்டைப்பையில் பத்திரமாக இருந்தது.