கொடுக்காத மூட்டைக்குக் கொட்டிய தமுக்கு

கேளுங்கள். மலைகளுக்கெல்லாம் இன்னும் பேர் வைத்து முடியாத காலத்தில், ஒரு நாட்டில் ஒரு ராஜா இருந்தார். அவர் அரண்மனையிலேயே இருக்கட்டும். கதையின் கடைசியில் வந்தால் போதும்.

அந்த நாட்டின் மேற்குக் கோடியில் கரடிப்பாறை என்று ஒரு மலையூர். அங்கே தேன் உண்டு, தினை உண்டு, சாமை உண்டு. உப்பு மட்டும் கிடையாது. உப்பு வேண்டுமென்றால் கணவாய்ப் பாதையில் இறங்கிக் கீழ்ச்சந்தைக்குப் போக வேண்டும். பாட்டன் பூட்டன் காலத்திலிருந்து ஊரார் நடந்த பாதை அது. தலைச்சுமையை இறக்கி வைக்க வழியில் ஒரு சுமைதாங்கிக் கல்கூட நட்டிருந்தார்கள்.

பேராளன் என்ற பணக்காரர் அந்தக் கல்லுக்குக் கீழ்ப்பக்கம் இருந்த நிலத்தையெல்லாம் வாங்கினார். வாங்கிய கையோடு பாதைக்குக் குறுக்கே முள்வேலி போட்டார். “என் நிலம், என் வேலி” என்றார்.

ஊரில் கூழ் சப்பென்று ஆகிவிட்டது. புலி நடமாடும் காட்டு வழியாகச் சுற்றிக்கொண்டு உப்புக்குப் போக எத்தனை பேருக்குத் துணிச்சல் வரும்?

ஊர் கூடியது. ராஜாவிடம் முறையிடுவது என்று முடிவானது. செலவுக்கு ஆளுக்கொரு மூட்டை சாமை தருவதாகச் சொன்னார்கள். அந்த ஊரில் ஒரு வழக்கம்: யாராவது ‘தருகிறேன்’ என்று சபையில் எழுந்து சொன்னால் உடனே தமுக்கை ஒரு தட்டுத் தட்டுவார்கள். அன்று தமுக்கு பன்னிரண்டு முறை ஒலித்தது. எல்லாருக்கும் முந்தி எழுந்தவர் கோளப்பன். அவருக்கு விழுந்த தட்டுதான் பலமான தட்டு.

மூட்டைகளை வாங்கிச் செலவு செய்யும் பொறுப்பு பொதிமாட்டுக்காரன் சடையனிடம் வந்தது. சடையன் நல்லவன். ஊரான் வீட்டுச் சாமையில் ஒரு மணி அவன் வாயில் படாது. ஆனால் ரோஷக்காரன். வாங்கியதை அவன் எண்ணவும் இல்லை, செலவைச் சொல்லவும் இல்லை. திருடனுக்குத்தான் கணக்கு வேண்டும் என்பது அவன் எண்ணம்.

காட்டு வழியாகச் சுற்றிப் போய் அரண்மனையில் முறையீட்டு ஓலை கொடுத்தான். “தனி ஆள் வந்தால் அது தனி ஆள் வழக்கு. பாதையில் நடந்தவர் எல்லாரும் பௌர்ணமிக்கு மறுநாள் வரட்டும். அப்போதுதான் ஊர் வழக்கு” என்று பதில் வந்தது.

திரும்பி வந்தவனிடம் தேன் எடுப்பவர் கேட்டார்: “சடையா, செலவு எவ்வளவு ஆச்சு?” சடையன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். கொல்லர் கேட்டார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தான். மூன்றாவதாகக் கோளப்பனே வந்து சபையில் கேட்டார். “என்னைத் திருடன்னு சொல்றீங்களா?” என்று சடையன் கத்தினான்.

அதுவரை யாரும் அப்படிச் சொல்லவில்லை. அதற்குப் பிறகு எல்லாரும் சொன்னார்கள். பேராளன் காதுக்கும் அது போனது. “உங்கள் சாமையில் சடையன் மாடு வாங்கப்போகிறானாம்” என்று அவர் ஆள்விட்டுப் பரப்பினார். வெறும் வாயை மென்றவர்களுக்கு அவல் கிடைத்தது.

பௌர்ணமி நெருங்கியது. சடையன் வீடு வீடாகப் போய் அழைத்தான். “சாமையைத் தின்னவன் பின்னாலே நாங்க வரமாட்டோம்” என்றார்கள். ஆள் வராவிட்டால் வழக்குப் போய்விடும், வழக்குப் போனால் பாதை போய்விடும். அவன் வீட்டுக்கு வந்து உட்கார்ந்து அழுதான்.

“நீகூடவா என்னை நம்பலை?” என்று மனைவி காத்தாயியைக் கேட்டான்.

“நான் நம்புறேன். உங்களைக் கட்டிக்கிட்டவ. ஊரு உங்களைக் கட்டிக்கிட்டதா?” என்றாள் காத்தாயி. “கேட்டா கோவப்படுறீங்க. கோவம் கணக்காகுமா?”

மறுநாள் காலை சடையன் ஊரைச் சுமைதாங்கிக் கல்லுக்கு அழைத்தான். ஒவ்வொரு தமுக்குத் தட்டுக்கும் ஒரு புளியங்கொட்டையாகக் கல்லின்மேல் பன்னிரண்டு கொட்டைகளை வைத்தான். பிறகு செலவைச் சொல்லிச் சொல்லி எடுத்தான். ஓலை எழுதியவருக்கு நான்கு மூட்டை. அந்த மனுஷன் கைக்கு அத்தனை கூலி. ஆற்றுச் சுங்கத்துக்கு இரண்டு. ஊரார் அரண்மனை வாசலில் தங்கும்போது சாப்பிடச் சத்திரத்தில் முன்னதாகக் கட்டியது மூன்று. கல்லின்மேல் மூன்று கொட்டை மிச்சம் இருந்தது. சடையன் வீட்டிலிருந்து மாட்டில் ஏற்றி வந்திருந்ததோ இரண்டு மூட்டை.

சடையன் மூட்டைகளை இன்னொரு முறை எண்ணிப் பார்த்தான். எலி தின்றது என்று சொல்லியிருக்கலாம். காத்தாயிக்குக் கண்காட்டியிருந்தால் சொந்தச் சாமையில் ஒரு மூட்டை ஓடி வந்திருக்கும். அவன் இரண்டும் செய்யவில்லை.

“ஒண்ணு குறையுது. எங்கே போச்சுன்னு எனக்குத் தெரியலை” என்றான். பிறகு, “கொடுத்தவங்க ஒவ்வொருத்தரா சொல்லுங்க. உங்க வீட்டிலே மூட்டையை எங்கே வாங்கி மாட்டிலே ஏத்தினேன்?” என்று கேட்டான்.

“மாட்டுக்கொட்டகையிலே” என்றார் தேன் எடுப்பவர். “உலைக்களத்திலே” என்றார் கொல்லர். இப்படியே பதினொரு பேர் சொன்னார்கள். கோளப்பன் முறை வந்தது.

“என் வீட்டிலே... அதான்... சபையிலே எல்லாரும் பார்த்தீங்களே, பலமா ஒரு தட்டு!” என்றார்.

கூட்டத்திலிருந்து அவர் மனைவி குரல் கொடுத்தாள்: “நம்ம மூட்டை பரண்மேலேதானே இருக்கு? இன்னும் இறக்கவே இல்லையே!”

கோளப்பன் திருடர் அல்ல. பொய்யரும் அல்ல. தமுக்குச் சத்தம் கேட்டதுமே கொடுத்துவிட்டதாக மனசார நம்பிவிட்டார், பாவம். ஊர் சிரித்த சிரிப்பில் அவர் தலை கவிழ்ந்தது.

சடையன் சிரிக்கவில்லை. “தப்பு என் பேரிலேதான். முதல் தடவை கேட்டப்பவே இந்தக் கல்லுக்கு வந்திருக்கணும்” என்றான்.

பௌர்ணமிக்கு மறுநாள் கரடிப்பாறை முழுவதும் அரண்மனை வாசலில் நின்றது. கோளப்பன் தன் மூட்டையைத் தானே தலையில் சுமந்து வந்திருந்தார். ராஜா கூட்டத்தைப் பார்த்தார், பேராளனைப் பார்த்தார். “இத்தனை கால் நடந்த பாதை எப்படி ஒருவருடையது ஆகும்?” என்றார். அன்றே வேலி பிடுங்கப்பட்டது.

அதன்பிறகு கரடிப்பாறையில் மூட்டை தரையில் இறங்கிய பிறகுதான் தமுக்கு ஒலிக்கும். ஊர்ச் செலவு எதுவானாலும் யாரும் கேட்கும் முன்பே சுமைதாங்கிக் கல்லில் புளியங்கொட்டை ஏறிவிடும்.

ஆகவே, ஊர்ப்பொருளை ஏற்றவன் கை சுத்தமாக இருந்தால் மட்டும் போதாது, அது சுத்தம் என்பதை ஊர் கேட்கும் முன்பே விரித்துக் காட்டவும் வேண்டும்.