பதினேழு மில்லிமீட்டர்

அருளப்பன் முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்து ஏழு வருடம் ஆகிறது. வயது ஐம்பத்தொன்று. பாலிடெக்னிக்கில் பாடம் நடத்துகிறவர், இந்தப் பல்கலைக்கழகத்தில் மட்டும் மாணவர். வழிகாட்டி நிலோஃபர் அவரைவிடப் பதினான்கு வயது இளையவர். திங்கட்கிழமை கடைசி ஆய்வுக்குழு. அன்றைக்கு ஆன்டெனா வேலை செய்யவில்லை என்றால் பதிவு ரத்து.

ஆன்டெனா தபால்தலை அளவுதான். அகன்ற அலைவரிசை முழுவதையும் அது கேட்க வேண்டும்; நடுவில் குறுக்கிடும் வைஃபையை மட்டும் கேட்கக் கூடாது. வேண்டாததை அடைத்துவிட வேண்டியதுதானே என்று செப்பு நாடாவை ஒட்டினார் அருளப்பன். வைஃபை ஒழிந்தது. கூடவே மற்றதெல்லாம் ஒழிந்தது. மண்டையைப் பிய்த்துக்கொண்டார் மனிதர்.

போதாக்குறைக்கு அந்தோணிராஜ். இங்கிருந்து ஓய்வு பெற்ற பிறகும் தினமும் பதினோரு மணிக்கு ஆய்வகத்துக்கு வந்துவிடுவார். வாயைத் திறந்தால் மூடமாட்டார். நேற்று அவர் வாயை அடைக்க நியூஸ் பேப்பரைக் கொடுத்துப் பார்த்தார் அருளப்பன். அதையும் உரக்கப் படித்தார்.

இன்று அருளப்பன் கதவையே உள்ளே பூட்டிவிட்டார். புதிய ஆன்டெனா பலகைகளைக் கொண்டுவந்த பெண் தட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனாள்.

கடைசியில் நிலோஃபரே பலகைகளோடு வந்து நின்றார்.

"பூட்டி வெச்சா இதெல்லாம் எப்படி சார் உள்ள வரும்?"

அருளப்பனுக்கு வெட்கமாகிவிட்டது. நிலோஃபர் கதவை அகலத் திறந்து வைத்தார். ஒரு பலகையை எடுத்து, அளந்து, செப்பின் நடுவே பிளேடால் 'ப' வடிவில் மெல்லிய கீறல் போட்டார். பதினேழு மில்லிமீட்டர். கருவியில் மாட்டினார். ஆன்டெனா ஏற்காமல் திருப்பி அனுப்புவதைக் காட்டும் கோடு திரையில் தாழ்வாகவே ஓடியது. வைஃபை இருக்கும் இடத்தில் மட்டும் செங்குத்தாக எழுந்து இறங்கியது. அங்கே மட்டும் ஆன்டெனா செவிடு.

"நானும் போன வாரம் கீறிப் பார்த்தேன் மேடம். ஒண்ணும் நடக்கலையே."

"ம்."

"இதுல மட்டும் அது எப்படி வெளிய போச்சு?"

"வெளிய போச்சுன்னு யார் சார் சொன்னா?"

கணினியில் மின்னோட்டத்தின் படத்தைக் காட்டினார். வைஃபை வரும்போது பலகை முழுக்க நீலம். கீறலின் ஓரம் மட்டும் மின்னோட்டம் மிகுந்து செக்கச்செவேல். வைஃபை அங்கேயேதான் சுற்றிக்கொண்டிருந்தது. அருளப்பன் இன்னும் குழம்பிப்போனார். துரத்த நினைத்தது உள்ளேயே இருக்கிறது, தொந்தரவு மட்டும் இல்லை. இது என்ன கணக்கு?

மணி பதினொன்று. அந்தோணிராஜ் பேசிக்கொண்டே நுழைந்தார். நிலோஃபர் அலமாரியிலிருந்து பழைய ரேடியோ ஒன்றை எடுத்து ஜன்னலோர மேசையில் வைத்தார்.

"அண்ணே, இது பாட மாட்டேங்குது."

அந்தோணிராஜ் பாதிப் பேச்சில் நின்றார். ஸ்டூலை இழுத்துப் போட்டு, சட்டைப்பையிலிருந்து ஸ்க்ரூடிரைவரை எடுத்தார். பின்மூடி கழன்றது. அதன்பின் அவர் பேசியதெல்லாம் ரேடியோவிடம்தான், அதுவும் முணுமுணுப்பாக.

அருளப்பன் வெகுநேரம் அந்த மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"மேடம், என் கீறல் ஏன் வேலை செய்யலை?"

நிலோஃபர் பிளேடை உறையில் போட்டார்.

"கீறலோட நீளம் வைஃபைக்குப் பொருந்துதான்னு பார்த்தீங்களா சார்? நேத்தும் அவருக்குப் பேப்பர் குடுத்தீங்களே. அவர் இங்க என்ன வேலை பார்த்தார்னு கேட்டீங்களா?"

அருளப்பன் கேட்டதே இல்லை.