மந்திரியின் வெறுங்கால் நடை

மருதவள நாட்டுக்குப் புதிதாக வந்த மந்திரி அனந்தபத்மர் எதையும் எண்ணிப் பார்க்காமல் பேசமாட்டார். நாட்டில் இருந்த நாற்பத்திரண்டு ஊர்களையும் எண்ணினார். விஷக்கடி வைத்தியர் குடியிருக்கும் ஒன்பது ஊர்களில்தான் பாம்புக்கடி அதிகம். மற்ற முப்பத்துமூன்று ஊர்களில் கடி அபூர்வம். ஆகவே கடிக்குக் காரணம் வைத்தியர்களே என்று முடிவு கட்டி, ஒன்பது பேரையும் நாடு கடத்த ராஜாவிடம் உத்தரவு வாங்கிவிட்டார்.

தாழங்காட்டை ஒட்டிய புதுக்கரை ஊரின் வைத்தியச்சி சடைச்சி சபைக்கு வந்து நின்றாள்.

"என்ன, அழுது காரியம் சாதிக்க வந்தாயோ?" என்றார் மந்திரி.

"இல்லைங்க சாமி. உங்க கணக்குத் தப்புமா? இப்பவே கிளம்பிடறேன். ஆனா, நான் போறேன்னதும் ஊர்ச் சனம் பயந்து கிடக்குது. நான் எல்லையைத் தாண்டினதும், அந்தி மசங்கற நேரத்துல சாமி தாழங்காட்டு வரப்புல வெறுங்காலோட ஒரு நடை நடந்து காட்டினா, அதுங்களுக்குப் பயம் தெளிஞ்சிடும்."

ராஜாவுக்கு அது நியாயமாகப் பட்டது. "செருப்பைக் கழற்றும், மந்திரி," என்றார்.

மந்திரி செருப்புக் கால்களைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். "மகாராஜா! இவள் போனாலும் பாம்பு அங்கேயேதானே இருக்கும்?"

"அது அங்கே இருக்கறதாலதான் சாமி, நானும் அங்கே இருக்கேன்," என்றாள் சடைச்சி.

சபையில் எழுந்த சிரிப்பு அடங்குவதற்குள் ராஜா உத்தரவைக் கிழித்துப் போட்டார். அன்று முதல் மந்திரி எதை எண்ணி முடித்தாலும், "இதில் முதலில் வந்தது எது?" என்று தன்னையே ஒருமுறை கேட்டுக்கொள்வாராம்.