தேர்ப்பாட்டில் ஒரு கடல்

கருவேலங்குடியில் தேர் நகர வேண்டுமென்றால் மருதப்பன் பாட வேண்டும்.

"பாயை இறக்கு, ஏலேலோ! பார், கரை வந்தது, ஏலேலோ!"

அவர் அடியெடுத்துக் கொடுக்க, வடம் பிடித்தவர்கள் திருப்பிப் பாடி இழுப்பார்கள். அந்தப் பாட்டென்றால் அவருக்கு உயிர்.

திருவிழாக் குழுவுக்குப் புதிதாகத் தலைவரான செம்புலிங்கத்துக்கு அது பிடிக்கவில்லை.

"ஏன்யா, கடலைப் பார்க்க ஒரு பகல் நடக்கணும். நம்ம தேருக்கு எதுக்குக் கப்பல் பாட்டு? கடல் என்ன, உம்ம தாடிக்குள்ளேயா இருக்கு?"

கூட்டம் சிரித்தது.

"தேரோட்டத்துக்கு முன்னாலே வேற பாட்டுக் கட்டும். இல்லேன்னா வேற ஆள் பாடட்டும்."

மருதப்பன் நேரே மடத்துக்குப் போனார். அங்கே குருவாக இருந்த மங்களநாயகி அம்மை அவரைவிட வயதில் இளையவர். ஆனாலும் மனம் கலங்கினால் மருதப்பன் போய் நிற்பது அவரிடம்தான்.

"அம்மா, என் பாட்டு பொய்யா?"

"மடத்துக் கிணறு வற்றிக் கிடக்கிறது, மருதப்பரே. கொஞ்சம் ஆழப்படுத்திக் கொடுங்களேன்."

"நான் பாட்டைப் பற்றிக் கேட்டேன்."

"பாடிக்கொண்டே வெட்டுங்கள்."

அவருடைய கோபமெல்லாம் கடப்பாரையில் இறங்கியது. செம்மண் போய்க் களிமண் வந்தது. அதற்கும் கீழே வெள்ளை மணல். மணலெங்கும் கிளிஞ்சல்கள். பாட்டு தானாக நின்றது.

கடப்பாரை எதிலோ மோதியது. பெரிய கல், நடுவில் ஒரு துளை. மருதப்பன் துளைக்குள் கையை விட்டார். ஒரு பக்கம் மட்டும் வழவழவென்று தேய்ந்திருந்தது. இளவயதில் வடம் பிடித்த கை. கயிறு தேய்த்த இடம் அதற்குத் தெரியாதா?

"அம்மா! நங்கூரக் கல்! இங்கே கப்பல் நின்றிருக்கிறது!"

கல்லை மேலே ஏற்றுவதற்குள் ஊரே கூடிவிட்டது. செம்புலிங்கமும் துளைக்குள் கையை விட்டுப் பார்த்தார். வெகுநேரம் கையை எடுக்கவில்லை.

"அப்படின்னா நம்ம பாட்டன் முப்பாட்டன் எல்லாம்..." கையை வெளியே எடுத்தார். "பழைய பாட்டே இருக்கட்டும்யா. கொஞ்சம் சத்தமாவே பாடும்."

மருதப்பனின் மார்பு நிமிர்ந்தது.

"அடுத்த அடி என்ன?" என்று கேட்டார் குரு.

"மூங்கில் தீவு தாண்டி வந்தோம், ஏலே..."

உற்சாகமாகப் பாடியவர் சட்டென்று நிறுத்தினார்.

"அம்மா, மூங்கில் தீவு எங்கே இருக்கிறது?"

"எனக்கென்ன தெரியும்? கப்பலில் வந்தவர்கள் உங்கள் ஆட்கள்."