இரண்டு தூர் கல்லொட்டி

"பத்தொன்பது தூர் இருந்தது, அம்மை. இன்னைக்கு ரெண்டு."

சங்கரநயினார் இதைச் சொல்லும்போது கைகூப்பவில்லை. செருப்பைக்கூடக் கழற்றவில்லை. மடத்து முற்றத்தில் வந்து நின்று, பெற்றெடுத்த பிள்ளையை யாரோ தூக்கிக்கொண்டு போனதுபோலக் கத்தினார்.

குருவான அந்த அம்மை சுளகில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தவில்லை.

குருவுக்கு வயது நாற்பதைத் தாண்டாது. சீடர் நயினாருக்கு அறுபத்திரண்டு. கல்லூரியில் முப்பத்தைந்து வருஷம் தாவரவியல் நடத்திவிட்டு ஓய்வு பெற்றவர். படித்ததெல்லாம் போதவில்லை, மலையை அறிய வேண்டும் என்று நாலு வருஷத்துக்கு முன்னால் வந்து அம்மையின் காலடியில் உட்கார்ந்தார். உட்கார்ந்தாரே தவிர, அவருக்குள் இருந்த வாத்தியார் இன்னும் இறங்கின பாடில்லை.

வந்த முதல் வருஷமே அவருக்கு யோகம் அடித்தது.

மடத்துக்குக் கீழே ஓடை. ஓடைக்கரைப் பாறை இடுக்கில் தூர் தூராக ஒரு செடி. தடித்த இலை, சிவந்த தண்டு, அரிசிப்பொரி அளவுக்கு வெள்ளைப் பூ. அதே செடியை அவர் ஒரே ஒரு இடத்தில்தான் பார்த்திருந்தார். ஏதோ ஒரு நகரத்தில், கண்ணாடி அலமாரிக்குள், பழுப்புக் காகிதத்தில் ஒட்டிய சருகாக. நூறு வருஷத்துக்கு மேலாக இதை யாரும் கண்டதில்லை என்று அதன் கீழே எழுதியிருந்தது.

நயினார் இடுப்பளவு தண்ணீரில் நின்று அழுதார். பொய்யில்லை, அழுதார்.

ஈர வேட்டியோடு குருவிடம் ஓடிவந்தார். இதை எப்படிக் காப்பாற்றுவது என்று கேட்டார்.

"பேச்சிக்கனியைக் கேளுங்க" என்றார் குரு.

பேச்சிக்கனி கீழ்க்குடியிருப்பில் கீரை பறித்து விற்கிறவள். அவளும் அவள் கூட்டமும் சாரல் காலத்தில் இந்தச் செடியைத்தான் கிள்ளிக்கொண்டு போவார்கள். கல்லொட்டிக் கீரை என்று பெயர்.

நயினாருக்குச் சுருக்கென்றது. சருகை வைத்தே செடியை அடையாளம் கண்டவன், அதைக் குழம்பில் போடுகிறவளிடம் போய்ப் பாடம் கேட்கவா?

அவர் கேட்கவில்லை. கடிதம் எழுதினார். பெரிய இடங்களுக்கெல்லாம் எழுதினார்.

கம்பிவேலி வந்தது. போர்டு வந்தது. கீரைக்காரிகள் ஓடைக்கரையில் கால் வைக்கக்கூடாது என்று உத்தரவு வந்தது.

அந்தச் சாரலில் பேச்சிக்கனி வேலிக்குள்ளே அரைக்கூடைக் கீரையோடு அகப்பட்டாள். ஆள் காட்டிக்கொடுத்தவர் நயினார். அவளை வனத்துறை அலுவலக வாசலில் வெயிலில் நிற்கவைத்தார்கள். பொழுது சாயும்வரைக்கும் நின்றாள். கீரையை அவள் கண்முன்னாலேயே பூட்ஸ் காலால் நசுக்கினார்கள். அவள் நயினாரைப் பார்த்து என்னவோ சொல்ல வாயெடுத்தாள். பேசாதே என்று நயினார் விட்டார் ஒரு அதட்டு.

இதைச் சொல்கிற எனக்கே வயிறு எரிகிறது. அவர் அன்றைக்கு வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுத் தூங்கினார்.

அதற்கப்புறம்தான் செடி போக ஆரம்பித்தது.

மறுவருஷம் பதினான்கு தூர். அதற்கடுத்த வருஷம் எட்டு. நயினார் பூதக்கண்ணாடியும் கையுமாக அலைந்தார். ஒவ்வொரு பூவாகப் பிரித்துப் பார்த்தார். பூ உதிர்ந்ததே தவிர விதை கட்டவில்லை. தண்டு விரல் பருமனுக்கு மரமாகிப் போனது. காட்டுவெள்ளம் வந்து போனால், தூர் இருந்த இடத்தில் வெறும் பாறை.

இந்த வருஷ வெள்ளத்துக்குப் பிறகு, இரண்டே இரண்டு. இதுவும் போனால் உலகத்தில் எங்கேயும் கிடையாது.

நயினார் கண்டுபிடித்துவிட்டார். செடி போகவில்லை, பிடுங்கப்படுகிறது. வஞ்சம் தீர்க்க அந்தப் பேச்சிக்கனிதான் வேரோடு பிடுங்குகிறாள்.

"நீங்க ஒரு வார்த்தை சொன்னா ஊர் கேக்கும்" என்றார் குருவிடம். "அவளை இந்த மலையை விட்டே இறக்கணும்."

குரு சுளகைக் கீழே வைத்தார்.

"அவளைக் கேட்டீங்களா?"

"என்னத்தைக் கேக்க? மூணு வருஷமா இதே பதில்தான் சொல்றீங்க. உங்களுக்குத் தெரிஞ்சா நீங்களே சொல்லித் தொலையுங்களேன்."

"அது அவ பாடம். நான் திருடிச் சொல்ல மாட்டேன்."

"அப்ப நீங்க எதுக்குக் குரு?"

அம்மை கோபப்பட்டு நயினார் அதுவரைக்கும் பார்த்ததில்லை. இப்போது பார்த்தார். முகம் செக்கச்செவேல் என்று ஆகிவிட்டது.

அம்மை எழுந்தார். விறுவிறுவென்று ஓடைக்கு இறங்கினார். நயினார் பின்னாலேயே ஓடினார். வேலிக்கதவின் சாவி தன்னிடம் இருக்கிறது, கொஞ்சம் நில்லுங்கள் என்றார். அம்மை நிற்கவில்லை. கம்பியைத் தூக்கிக்கொண்டு உள்ளே நுழைந்தார். புடவை மாட்டி ஒரு முழத்துக்குக் கிழிந்தது. அவர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

இரண்டு தூரும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. பெரிய தூரின் உச்சியில் மட்டும் ஒரு இளங்கொழுந்து.

குரு குனிந்தார். ஒரு சாண் நீளத்துக்கு அதைக் கிள்ளினார்.

நயினார் பாய்ந்துபோய் அந்தக் கையைப் பிடித்தார். பிடித்ததோடு விட்டாரா, முறுக்கினார். குருவின் கையைச் சீடன் முறுக்கினான் என்று சொல்ல வாய் கூசுகிறது. ஆனால் நடந்தது அதுதான்.

"உலகத்துலயே ரெண்டு. உனக்குப் புத்தி கெட்டுப்போச்சா?"

குரு விரலை விரித்தார்.

கொழுந்து தண்ணீரில் விழுந்தது. ஒரு சுற்றுச் சுற்றியது. இழுப்பில் அகப்பட்டுக் கிளம்பிவிட்டது.

நயினார் கையை விட்டுவிட்டு ஓடைக்குள் குதித்தார்.

அறுபத்திரண்டு வயது மனுஷர் ஒரு சாண் கொழுந்தின் பின்னால் ஓடினார். பாசியில் வழுக்கி விழுந்தார். முழங்கால் பிளந்தது. எழுந்து ஓடினார். வேலியைத் தாண்டிப் போயிற்று கொழுந்து. மடுவைத் தாண்டிப் போயிற்று. அதற்கும் கீழே, இரண்டு பாறை சேர்கிற இடத்தில், மணல் ஒதுங்கிய மூலையில் போய் முட்டி நின்றது.

நயினார் மூச்சிரைக்கக் குனிந்தார்.

"கை வைக்காதீங்க."

நிமிர்ந்து பார்த்தார். கரையில் பேச்சிக்கனி. இடுப்பில் கூடை, கூடையில் பொன்னாங்கண்ணி. வேலிக்கு இந்தப் பக்கம் கிடைத்ததைப் பறித்துக்கொண்டிருந்தாள்.

இதைக் கொண்டுபோய்ப் பத்திரமாக நட வேண்டும், நீ விலகு என்றார் நயினார்.

"நட வேண்டாம். அது உக்காந்துட்டு."

அவள் தண்ணீருக்குள் விரலை நீட்டினாள். நயினார் பார்த்தார். தண்டின் கணுவில் குருணை குருணையாக வெள்ளை முண்டு. முளைக்கக் காத்திருக்கிற வேர். அதன்மேல் ஓடை அதற்குள்ளாகவே கொஞ்சம் மணலைத் தள்ளி மூடியிருந்தது.

மூன்று வருஷம் பூதக்கண்ணாடி வைத்துப் பூவைப் பார்த்தவர், ஒரு நாளும் கணுவைப் பார்க்கவில்லை.

பேச்சிக்கனி அவர் முகத்தைப் பார்க்காமல் தண்ணீரைப் பார்த்துச் சொன்னாள். கல்லொட்டி கிள்ளப் போனால் முதல் கிள்ளு ஓடைக்கு. அதை எறிந்துவிட்டுத்தான் கூடையில் போட வேண்டும். அவள் வாக்கப்பட்டு வந்த வருஷம் மாமியார் கையைப் பிடித்துச் சொல்லிக்கொடுத்தது. எறிந்தது எங்கேயாவது ஒதுங்கி உட்காரும், அடுத்த சாரலுக்குத் தூராக நிற்கும். கிள்ளாமல் விட்டால் தண்டு முற்றி மரமாகும், அடிவேர் அழுகும், வெள்ளம் மொத்தமாகத் தூக்கிக்கொண்டு போய்விடும். இது ஊரில் எல்லாருக்கும் தெரிந்ததுதான். அன்றைக்கு வெயிலில் நின்றபோது இதைத்தான் சொல்ல வந்தாள்.

நயினார் தண்ணீரிலேயே உட்கார்ந்துவிட்டார். முழங்கால் ரத்தம் மணலில் இறங்கியது.

குரு கரையோடு நடந்து வந்து சேர்ந்தார். கன்றிப்போன மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டு நின்றார். நயினார் அவரை நிமிர்ந்து பார்த்தார். அம்மை பேச்சிக்கனியைப் பார்த்தார்.

அதற்கப்புறம்தான் நயினார் அவளைக் கேட்டார்.

"வருஷா வருஷம் எறிவீங்களாம்மா?"

பேச்சிக்கனி கூடையை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள்.

"எறிஞ்சோம். நீரு வேலி போடுத நாள் வரைக்கும்."